பரிதிவாணன் கையொப்பம், உறை பிரிக்கப்படாதது

காலை ஒன்பது மணிக்குப் பொம்மைகள் வரும். பத்தரைக்கு மேல் மூக்குக் கண்ணாடி, தொப்பி, கைக்கடிகாரம். கையொப்பங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் முறை. செங்கல்பட்டுப் பழம்பொருள் ஏலக்கூடத்தில் செலின் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்த வரிசை மாறியதில்லை. பொருளைத் தட்டில் வைப்பாள். தடமானியின் ஊசியைப் பொருளில் படாமல் அதன்மேல் ஓட்டுவாள். திரையில் வருவதை உரக்கச் சொல்வாள். பதிவேடு தானே எழுதிக்கொள்ளும்.

அன்று முதலில் வந்தது சாவி கொடுத்தால் தாளம் தட்டும் தகரக் குரங்கு. மனிதர்கள் நடித்த படங்கள் ஓடிய காலத்தில் ஒரு குழந்தை நட்சத்திரம் அதைப் படம் முழுக்கக் கையில் வைத்திருந்ததாம்.

“தடம் உயிரோடு இருக்கிறது. ஒரே ஆள். பெண். வயது ஏழு,” என்றாள் செலின்.

அந்தச் சிறுமி வளர்ந்து, வாய்ப்பிழந்து, கிழவியாகி, போன வருடம்தான் செத்தாள். குரங்குக்கு இப்போது வந்திருக்கும் மவுசு அதனால்தான். உயிரோடு இருப்பவர்களைத் தடத்திலிருந்து எழுப்பச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்தது ஒரு கதாநாயகனின் கூலிங் கிளாஸ். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் அதை வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் துணியால் துடைத்து வந்திருக்கிறது. சேகரிப்பவர்கள் காலங்காலமாகச் செய்கிற தவறு இது. படத்துக்குப் பொட்டு வைப்பார்கள், மாலை போடுவார்கள், கையொப்பத்தின் மேல் முத்தம் கொடுப்பார்கள். பக்தி ஏற ஏற, பிறர் கை பட்டுத் தடம் செத்துக்கொண்டே வரும். “தடம் இல்லை,” என்று செலின் சொன்னதும் கொண்டுவந்தவரின் முகம் சுண்டிப்போயிற்று. இப்படிச் சுண்டிய முகங்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

பொருளைத் தொட்டவரின் வியர்வை, தோல், விரல் அழுத்தம் இவையெல்லாம் சேர்ந்ததுதான் தடம். அதை மீளுரு இயந்திரத்தில் இட்டால், தொட்ட அந்தக் கணத்தில் அவர் எப்படி இருந்தாரோ அப்படியே எழுந்து வருவார். அதுவரை நடந்தது அத்தனையும் அவருக்கு நினைவிருக்கும். பேசுவார், சிரிப்பார். நாற்பது நிமிடம். தரையில் வரைந்த நாலடி வட்டத்துக்குள்தான் அவர் நிற்க முடியும். தாண்டினாலோ, யாராவது தொட்டாலோ கலைந்துவிடுவார். ஒரு தடத்துக்கு ஒரே ஒரு முறைதான்.

இதில் ஓர் அநியாயம் உண்டு. செலின் அதை ஒரு நாளும் மன்னித்ததில்லை. பெருவெள்ளம் ஊரைக் கழுவிக்கொண்டு போனபோது சாமானியர்களின் சட்டை, சீப்பு, செருப்பு எல்லாம் போயின. கண்ணாடி அலமாரிக்குள் காற்றுப் புகாமல் காப்பாற்றப்பட்டவை நடிகர்களின் பொருள்கள் மட்டும். ஆகவே திரும்பி வருகிறவர்களும் அவர்கள்தான். மற்றவர்கள் ஒரேயடியாகச் செத்துப்போனார்கள். செலினின் அப்பா ஞானப்பிரகாசமும் அப்படித்தான். சைதாப்பேட்டையில் அவர்கள் குடியிருந்த வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. அப்போது அவளுக்குப் பதினோரு வயது. அம்மா அதற்கு முன்பே இல்லை.

மதியம் இரண்டு மணிக்கு அந்த உறை வந்தது. நடிகர் பரிதிவாணன் கையெழுத்திட்ட புகைப்படம், ஒட்டிய கண்ணாடித்தாள் உறைக்குள். வடபழனியில் அவருடைய பழைய அலுவலகக் கட்டடத்தை இடித்தபோது மூன்றாம் மாடி அலமாரியில் கிடைத்ததாம். ரசிகருக்கு அனுப்பத் தயாராக வைத்து, அனுப்பாமலே போனது. பின்பக்கம் தேதி முத்திரை. பெருவெள்ளம் வந்த நாள்.

செலின் தேதியைப் பார்த்தாள். பிறகு கையொப்பத்தைப் பார்த்தாள். கடைசிச் சுழிக்கு முன்னால் பேனா ஒரு மயிரிழை தூக்கப்பட்டிருந்தது.

அந்த இடைவெளி இந்தத் தொழிலில் பேர்போனது. உண்மையான பரிதிவாணன் கையொப்பத்தில் இடைவெளி இருக்கும், இல்லாதது போலி என்று சான்றாளர் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. இடைவெளி இல்லாத மூன்று கையொப்பங்களைப் போலி என்று எரித்தும் இருக்கிறார்கள். எரித்தவை மூன்றும்தான் அந்த மனிதர் தன் கையால் போட்டவை என்று உலகத்தில் செலினுக்கு மட்டும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்து ஆகப்போவது என்ன?

அப்பா பரிதிவாணனின் அலுவலகத்தில் கடிதப் பிரிவு குமாஸ்தா. சனிக்கிழமைகளில் அவளையும் கூட்டிப் போவார். கட்டுக் கட்டாக வரும் புகைப்படங்களில் அவர் கையொப்பம் போட்டுத் தள்ள, செலின் தரையில் பரப்பி மை காயவைப்பாள். அவருக்கு ஆள்காட்டி விரல் வளைந்திருக்கும், சிறுவயதில் கதவிடுக்கில் நசுங்கியது. “ஏம்பா அங்க மட்டும் கேப் விடுற?” என்று அவள் கேட்பாள். “விரல் மூச்சு வாங்குது பாப்பா,” என்பார்.

இப்படி இடைவெளி விட்ட கையொப்பங்கள் இதற்கு முன் பதினொன்று அவள் மேசைக்கு வந்திருக்கின்றன. பதினொன்றிலும் தடம் செத்திருந்தது. முத்தம் கொடுத்தே கொன்றிருந்தார்கள். பன்னிரண்டாவதன் மேல் அவள் ஊசியை ஓட்டினாள்.

தடம் உயிரோடு இருக்கிறது. ஒரே ஆள். ஆண். வயது முப்பத்தெட்டு.

வாரிசுச் சண்டைகளுக்காகத் தடமானியில் உறவுச் சோதனை ஒன்று உண்டு. செலின் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் விரலை அதில் வைத்தாள்.  முதல் தலைமுறை உறவு என்று திரை சொன்னது.

அவள் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அழுது முடித்தபின் யோசித்தாள். பொருள் யாருடையதோ தடமும் அவருடையது என்பது சட்டம். ஏலக்கூட ஊழியர் ஏலம் கேட்கக் கூடாது என்பது விதி. கேட்கலாம் என்றாலும் அவளால் கட்டுப்படியாகாது. இது பரிதிவாணன் கையெழுத்தில்லை என்று உண்மையைச் சொன்னால் போலி என்று முத்திரை குத்தி அன்றைக்கே எரியடுப்பில் போடுவார்கள். சொல்லாவிட்டால் வாங்குகிறவர் எழுப்புவார், சான்றளித்தவர் வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும். ஊர்ப் பரிகாசத்துக்கு நடுவில் என்றாலும் அப்பாவைப் பார்க்கலாம். ஒரே ஒரு விஷயம் சொல்லலாம்.

அந்த விஷயம் இதுதான். வெள்ளம் வந்த அன்று அப்பாவின் அலுவலகம் மூன்றாம் மாடி. அங்கேயே இருந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவர் மட்டும், பிள்ளை வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று கிளம்பினார். அவள் தனியாக இல்லை. பக்கத்து வீட்டு ஜெயாக்கா அவளை முன்பே மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டாள். இதை யாராவது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இன்று எண்பதை நெருங்கும் கிழவராக எதிரில் உட்கார்ந்து காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று தொணதொணத்துக்கொண்டிருப்பார். நாற்பத்தொரு ஆண்டுகளாக செலின் இதைப் பிடித்துக்கொண்டுதான் நாள்களை ஓட்டினாள். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏலத்துக்கு முதல்நாள் பொருளைப் பார்வையிடத் தணிகாசலம் வந்தார். பரிதிவாணன் ரசிகர் மன்றத்தின் கடைசித் தலைவர். மன்றத்தில் மிஞ்சிய இருநூறு பேரும் வீடு, நகை என்று விற்றுச் சேர்த்து ஏலத்துக்கு நிற்கிறார்கள்.

“அண்ணன்தானே மேடம்? சந்தேகம் எதுவும் இல்லியே?” என்று கேட்டார்.

“ஏன் சார், அவர்கிட்ட என்ன கேக்கப் போறீங்க?”

“கேக்க ஒண்ணுமில்ல. காட்டணும்.” அவர் சட்டைப் பையில் இருந்த பழைய பள்ளி அடையாள அட்டையைத் தொட்டுக்கொண்டார். “எனக்குப் பன்னெண்டு வயசுல எங்கப்பா என்னை லேத் பட்டறைக்கு அனுப்பிட்டாரு. அண்ணனுக்கு லெட்டர் போட்டேன். கையெழுத்துப் போட்ட போட்டோ வந்துது. கூடவே, ‘படிப்பை விடாதே தம்பி’ன்னு கைப்பட ஒரு வரி. எங்கப்பா காலைப் பிடிச்சு மறுபடி ஸ்கூலுக்குப் போனேன் மேடம். ஹெட்மாஸ்டரா ரிட்டயர் ஆனேன். அந்த போட்டோ வெள்ளத்துல போச்சு. பரவால்ல, ஆளையே பார்த்துச் சொல்லிடுவேன்.”

 அந்த வரியையும் செலின் மை காயவைத்திருக்கிறாள். இந்த மனிதரின் தலையில் கல்லைப் போடப் போகிறோம் என்று நன்றாகத் தெரிந்தது. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அடுப்பு.

“சந்தேகமே இல்ல சார்,” என்றாள்.

சான்றிதழில் பரிதிவாணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்பா செய்த அதே வேலை. அவருக்காவது மேலிடத்து உத்தரவு இருந்தது.

ஏலத்தில் மன்றமே உறையை எடுத்தது. சனிக்கிழமை காலை குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். இருநூறு கிழவர்களும் கிழவிகளும் பரிதிவாணன் முகம் அச்சிட்ட சட்டைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கரும்பும் வாழைமரமும்கூடக் கட்டியிருந்தார்கள். மேடையில் வட்டம், பக்கத்தில் செலின். எழுந்து வருகிறவரிடம் அவர் இறந்ததைச் சொல்லக் கூடாது என்ற விதியைத் தணிகாசலம் ஒலிபெருக்கியில் இரண்டு முறை படித்தார். பிறகு உறையை இயந்திரத்தில் வைத்தார். நாற்பது என்று எண் ஒளிர்ந்தது.

வட்டத்துக்குள் ஞானப்பிரகாசம் வந்து நின்றார்.

ஒல்லியான ஆள். காதில் செருகிய ரீஃபில். இல்லாத மேசைமேல் குனிந்திருந்தவர் நிமிர்ந்து, விளக்குகளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். இவ்வளவு சின்ன வயதுக்காரராகவா இருந்தார் என்று செலின் திகைத்துப்போனாள். அவளைவிடப் பதினான்கு வயது இளையவர்.

“யாரு நீங்கல்லாம்? மன்றத்து ஆளுங்களா? அண்ணன் ஷூட்டிங்ல இருக்காரே,” என்றார்.

 பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். “யார்யா நீ?”

நாற்காலிகள் உருண்டன. ஞானப்பிரகாசம் தன் வலதுகையைப் பார்த்தார், பேனா பிடித்த பாவனையில் இருந்த விரல்களைப் பார்த்தார். அகப்பட்டுக்கொண்டோம் என்று நினைத்துவிட்டார். கை கூப்பினார்.

“மன்னிச்சிருங்க. அண்ணனுக்கு நேரமில்லன்னு மேனேஜர் போடச் சொன்னாரு, போட்டேன். நானா எதுவும் செய்யலங்க. பொண்ணு இருக்கு எனக்கு. வேலைக்கு உலை வெச்சுராதீங்க.”

தணிகாசலம் மேடை விளிம்புக்கு வந்தார். குரல் உடைந்திருந்தது. “அந்த ஒரு வரி எழுதுவீங்களே, ‘படிப்பை விடாதே தம்பி’ன்னு. அது அண்ணன் சொல்லி எழுதினதுதானே?”

“அதுங்களா... சின்னப் பசங்க எழுதுவாங்க. வெறும் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்ப மனசு வராது. நானே எழுதிடுவேங்க.”

தணிகாசலம் மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ வாசலில் வாழைமரத்தைப் பிடுங்கி எறிவது கேட்டது.

“அப்பா,” என்றாள் செலின்.

அவர் திரும்பித் தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

“நான் செலின்பா.”

“செலின் என் பொண்ணு பேரு மேடம். அதுக்குப் பதினோரு வயசு. ஸ்கூல்லேருந்து வர்றீங்களா? மழைன்னு லீவு விட்டுட்டாங்களே, வீட்லதானே இருக்கு? தனியா இருக்கு மேடம். இந்த ஒரு படத்தைப் போட்டுட்டுக் கிளம்பலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படி...”

ஒரு வாரமாகக் கண்ணாடி முன் பேசிப் பழகியதெல்லாம் செலினுக்கு மறந்துபோயிற்று. மகளாக நிற்க முடியாது என்பது மட்டும் விளங்கியது. மேடமாகவே நின்றாள்.

“கிளம்ப வேணாம் சார். ரோடெல்லாம் தண்ணி. உங்க பொண்ணு தனியா இல்ல. பக்கத்து வீட்டு ஜெயாக்கா மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்பத்தான் தகவல் வந்துது. பத்திரமா இருக்கா. நீங்க இங்கயே இருங்க.”

சொல்லிவிட்டாள். நாற்பத்தொரு ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லியே விட்டாள்.

“ஜெயாக்காவா?” அவர் முகம் தெளிந்தது. “அப்பாடா. வயித்துல பாலை வார்த்தீங்க மேடம். ரொம்ப தேங்க்ஸ்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. 

பிறகு அவர் குனிந்து பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டத் தொடங்கினார்.

“சார், என்ன பண்றீங்க?”

“இடிச் சத்தம் கேட்டாப் பாப்பா பயந்துக்கும் மேடம். ஜெயாக்காட்டயெல்லாம் ஒட்டாது. நான் போனாத்தான் தூங்கும்.”

“போகாதீங்க. அவ பொழைச்சிட்டா, அப்பா. பொழைச்சு இங்க நிக்கிறேன் பாருங்க. நீங்க போக வேண்டாம்பா!”

அவர் பாவம் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார். மழையில் யாரையோ பறிகொடுத்துவிட்டுப் பேதலித்த பெண் என்று நினைத்திருக்க வேண்டும். “நல்லபடியா வீட்டுக்குப் போய்ச் சேருங்க மேடம். கொஞ்சம் வழி விடுங்க,” என்றார்.

செலின் வட்டத்தின் விளிம்பில் கைகளை விரித்து நின்றாள். மேலே பட்டால் கலைந்துவிடுவார். கைகளை இழுத்துக்கொண்டாள். அவர் மரியாதையாக ஒதுங்கி, அவளைச் சுற்றிக்கொண்டு, நீரில் இறங்குகிறவரைப் போலக் காலைத் தூக்கி வைத்துக் கோட்டைத் தாண்டினார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. எண் முப்பத்து மூன்றில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

தணிகாசலம் படியில் உட்கார்ந்தபடியே கேட்டார். “யாரும்மா அவரு?”

“எங்கப்பா சார்.”

 ஆள்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். இயந்திரத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. எண் முப்பத்திரண்டானது, முப்பத்தொன்றானது. செலின் காலி வட்டத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தாள். இன்று அவளே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, அப்படியும் கிளம்பிப் போய்விட்டார்.