துவைக்காத ஜெர்சிகள்

ஜோயாவின் தெரு கால்பந்து அணி தோற்றது ஒரே ஒரு கோலில்தான். ஆனால் தாராவியில் பேச்சைக் கேட்டால், ஒன்பது கோல் வாங்கியதுபோல இருந்தது.

"ஆட்டத்துக்கு முன்னாடியே மூணு பேருக்கு அடி! அஞ்சே பேரு நின்னு பாண்டுப் டீம்காரங்க ஏழு பேரோட ஆடினாங்க, தெரியுமா?" என்று பத்து வயது ஜோயா போவோர் வருவோரிடமெல்லாம் மல்லுக்கு நின்றாள். அவள் அண்ணன் பைசான் அந்த அணியில் இருந்தான்.

யார் காதில் வாங்கினார்கள்?

நஜிமுதீன் மாமா அதைவிட மோசம். கார்கானா என்கிற தையல் பட்டறை வைத்திருக்கும் அவர்தான் அணிக்கு எட்டு ஜெர்சிகள் தைத்துக் கொடுத்தவர். அவசர ஆர்டர் இருந்ததால் ஆட்டத்துக்கு வரவில்லை. தோற்ற செய்தி மட்டும்தான் வந்தது.

"ஜெர்சியெல்லாம் திருப்பிக் கொண்டாங்க. கிரிக்கெட் ஆடுற பயலுவளுக்குக் கொடுக்கப் போறேன்."

"அடிபட்டவங்க ஆடவே இல்ல மாமா..."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! தோத்தவன் எவனும் இதைத்தான் சொல்லுவான். போ புள்ள!"

ஜெர்சி இல்லாத அணியை எந்தப் போட்டியிலும் சேர்க்க மாட்டார்கள். ஜோயாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் பைசான் ஜெர்சிகளைக் குவித்துவைத்து, வாளியில் சோப்புத்தூள் கரைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கின துணியத் துவைச்சுக் கொடுக்கிறதுதான் மரியாதை" என்றான்.

ஜோயா அந்தக் குவியலைப் பார்த்தாள். சட்டென்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டாள்.

"துவைக்காதண்ணே! இப்படியே கொடுக்கேன்."

"பைத்தியமா நீ? ஏசுவாரு!"

"ஏசட்டும்."

கார்கானாவில் துணி வெட்டும் மேஜைமேல் எட்டையும் பரப்பினாள். தையல்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஏ புள்ள! ஆர்டர் துணி வைக்கிற மேஜை அது!"

"அதான் பேப்பர் விரிச்சிருக்கேன் மாமா."

மாமா முணுமுணுத்தபடி ஒன்றைத் தூக்கினார். முன்னும் பின்னும் சேறு. அடுத்ததும் அப்படியே. பிறகு அவர் கை நின்றது.

"இதென்ன? நான் போட்ட மடிப்புக் கோடுகூட அழியவே இல்ல!"

"அது ராஹில் அண்ணன்து. கோல்கீப்பர். கைவிரல்ல கட்டு. இது வெயிலுமுத்து அண்ணன்து, கணுக்கால் பிசகிருச்சு. இது சுரேந்திரன் அண்ணன்து, முட்டி வீங்கியிருக்கு."

மாமா சுத்தமான மூன்றையும் தனியே வைத்தார். அழுக்கான ஐந்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் ஒன்றுக்கு இரண்டு முழங்கையும் கிழிந்து தொங்கின.

"இது எவன்து?"

"எங்க அண்ணன்து. கோல் காக்க ஆளில்லன்னு அண்ணன் நின்னாரு. பழக்கமே கிடையாது மாமா."

"எத்தனை தடவ விழுந்தான்?"

"தெரியாது மாமா. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

தையல்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. கிழிந்த ஜெர்சியை உதறினார். முழங்கைக்கு அளவாகத் துண்டுகள் வெட்டினார். மெஷின் தடதடவென்று ஓடியது.

"மாமா... கிரிக்கெட்காரங்களுக்கு?"

"அவனுவளுக்கு வேற தைச்சாப் போச்சு. ரெட்டைத் துணி வச்சிருக்கேன், இனிமே கிழியாது. அடுத்த ஆட்டத்துக்கு நானும் வாரேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு."

அப்பாடா!

ஜெர்சிகளை அள்ளிக்கொண்டு அவள் படியிறங்கும்போது, டீ கொண்டுவந்தவர் உள்ளே கேட்டார்:

"என்ன பாய், உங்க டீம் தோத்துட்டாமே?"

"அஞ்சு பேருய்யா! அஞ்சே பேரு! விவரம் தெரியாம பேசாத!"

மாமாவின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. மல்லுக்கு நிற்க இன்னொரு ஆள் வந்தாயிற்று. ஜோயா அண்ணனிடம் சொல்ல ஓட்டமாக ஓடினாள்.