சீப்புக்கு ஒரே ஓட்டு

காலை 9.10. காணாமல் போன பொருள்: ஓர் ஓட்டு.

திண்டிவனம் பக்கத்தில் அந்தக் காவல் நிலையத்துக்கு வந்த மூன்று வருடத்தில், ஏட்டு பவுலின் இப்படியொரு புகாரை வாங்கியதில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளைக் கல்யாணப் பத்திரிகை போல நீட்டினாள் கலைமதி. தோளில் துணிப்பை. பத்து மணி பஸ்ஸில் திருவெண்ணெய்நல்லூருக்கு, தாய்வீட்டுக்கே போய்விடுவதாக முடிவு.

பின்னாலேயே அவள் புருஷன் செல்வகுமார் ஓடிவந்தான். வார்டு தேர்தலில் நேற்றுத் தோற்றவன். இந்த வழுக்கைத் தலையனுக்குச் சீப்புச் சின்னம் கிடைத்தபோதே ஊர் சிரித்து முடித்திருந்தது. கூடவே வந்த அவன் அம்மா கெங்கம்மாள், பெஞ்சில் உட்கார்ந்து மடியிலிருந்த மல்லாட்டைக் கடலையை உரிக்கத் தொடங்கினாள்.

“சீப்புக்கு விழுந்தது ஒரே ஓட்டு மேடம். அது என்னுது. அப்ப இவரு யாருக்குக் குத்தினாரு? ஜெயிச்சாளே வெண்ணிலா, அவளுக்கு! என்னைக் கட்டறதுக்கு முன்னால அவளத்தான் பொண்ணு பாத்துட்டு வந்தாரு.”

“பஜ்ஜி துன்னுட்டு வந்ததோட சரி மேடம்! அந்த ஓட்டு என்னுது. இவதான் எனக்குப் போடல.”

“பாருங்க, பஜ்ஜிகூட இன்னும் மறக்கல!”

பவுலின் மேசையைத் தட்டினாள். “மொத்தம் எத்தினி ஓட்டு?”

“இருநூத்திப் பதினாலு. வெண்ணிலா நூத்தி முப்பது, ராஜாமணி எம்பத்திரெண்டு, நான் ஒண்ணு.”

“ஒண்ணு இடிக்குதே?”

“அது செல்லாத ஓட்டு. எவனோ சீட்டுல சாம்பார சிந்திட்டான்னு ஆபீசர் திட்டிக்கினு இருந்தாரு.”

“நீங்க பாத்தீங்களா?”

“ஒத்த ஓட்டுன்னதும் எனக்குக் கண்ணே தெரியல மேடம்.”

9.25. பவுலின் அந்த ஆபீசருக்கு போன் போட்டாள். “சார், சாம்பார் சீட்டுல எங்க சிந்தியிருந்துச்சு?” பதிலைக் கேட்டதும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“கலைமதி, சின்னத்துல குத்தினதும் சீட்ட அப்படியே பெட்டில போட்டியா?”

“சும்மா எப்படி மேடம் போடறது? மேல்மலையனூர் அம்மன் கோயில் மஞ்சள முந்தானைல முடிஞ்சுக்கினு போனேன். நாலு மூலையிலயும் வச்சு, கும்புட்டுட்டுத்தான் போட்டேன்.”

“தலைவர், கவுன்சிலர்னு மத்த மூணு சீட்டுக்கும்?”

“அவங்கள்லாம் எனக்கு என்ன உறவு?”

“சாம்பார் நாலு மூலையிலயும் அளவா சிந்தாதும்மா. இன்னார் ஓட்டுன்னு தெரியிற மாதிரி சீட்டுல அடையாளம் வச்சா செல்லாது. உன் புருஷனுக்கு நீ போட்ட ஓட்டக் காலி பண்ணினது நீயேதான். விழுந்த ஒண்ணு அவரு போட்டது.”

கலைமதியின் கண் நிறைந்தது. செல்வகுமார் மெல்ல அவள் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டான். “வுடு மதி. நூத்தி முப்பது வாங்கின வெண்ணிலாவுக்கு எவனாவது மஞ்ச வச்சானா?”

புகாரைக் கிழிக்கப்போன பவுலின் நிறுத்தினாள். “இருங்க. உங்க வூட்ல மூணு ஓட்டாச்சே?”

இருவரும் மெதுவாகப் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் போடுவீங்கன்னு நெனச்சேன்” என்றாள் கெங்கம்மாள். “தெருக்குழாய சரி பண்றேன்னு சொன்னது வெண்ணிலா ஒருத்திதான். பெத்தவளுக்குத் தண்ணி வேணாமா?”