ரசூல் பீவி பார்த்த பிறை

"புகைபோக்கி வெளக்கப் பாத்து பிறைன்னவ பெத்த பொண்ணு... வானத்தப் படிக்கப் போறாளாம்!"

இருபத்தொன்பதாவது நோன்பு. அந்தியில் பிறை தெரிந்தால் நாளை பெருநாள்; இல்லாவிட்டால் இன்னொரு நோன்பு. காலையிலேயே மஜீதின் குரல் ராயபுரம் வீட்டை அதிர வைத்தது. மகள் நவ்ரீன் எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வில் தேறியிருந்தாள். வானியல் படிக்கப் பெங்களூர் போகவேண்டும்.

"அத்தப் படிச்சா இன்னா வேல கீது? ஹார்பர்ல கன்டெய்னர் கம்பெனி வேல ரெடியா கீது!"

"பிஎச்.டி. பண்ணும்போதே உதவித்தொகை வரும் அத்தா. அப்பால ஆராய்ச்சி நிலையம், காலேஜ்... எடம் கம்மிதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா கணக்கும் கம்ப்யூட்டரும் சேத்துத்தான் கத்துக்கப்போறேன். சும்மா குந்திகினு இருக்க மாட்டேன்!"

"உங்கம்மா கண்ணுதானே உனக்கும்!"

கஞ்சிக்கு நொய் புடைத்துக்கொண்டிருந்த ரசூல் பீவியின் கை நின்றது.

புதுப்பெண்ணாய் வந்த முதல் ரமலான். தெருவே மாடியேறி நின்ற அந்தி... எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அத்தர் வாசனை! அவள் கண்ணுக்குத்தான் பிறை முதலில் பட்டது. 'அதோ!' என்றாள். மற்றவர்கள் தேடுமுன் மேகம் மூடிவிட்டது. 'ஆலைப் புகைபோக்கி வெளக்கும்மே அது' என்று மஜீது சிரித்தார். 'புதுப்பொண்ணு ஒரு நோன்பக் கொறைக்கப் பாக்குது' என்றாள் மாமியார். அதன்பிறகு பிறை தேடும் அந்திகளில் அவள் மாடியேறியதே இல்லை. அடுப்படியில் பாத்திரம் கழுவுவாள்.

"எந்தப் பக்கம் பாத்தம்மா?" என்றாள் நவ்ரீன்.

"வுடு கண்ணு... பழங்கதை."

"சொல்லும்மா!"

"எல்லாரும் சூரியன் எறங்குன எடத்தையே பாத்தாங்க. அதுக்கு இடது கைப்பக்கம்... ரெண்டு புகைபோக்கிக்கும் மேல."

நவ்ரீன் லேப்டாப்பில், எந்த நாளின் வானத்தையும் காட்டும் செயலியைத் திறந்து, அந்த வருஷத்தின் அந்த அந்தியைத் தட்டினாள். திரையில் சூரியன் இறங்கியது. இடப்பக்கம் மெல்லிய கீற்று!

"அத்தா... இங்க வந்து பாரு."

மஜீது குனிந்தார். அந்தக் கீற்றின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கடைக்குப் போய்விட்டார்.

நோன்பு திறந்ததும் மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

"ரசூலு... மேல வா."

"நான் எதுக்குங்க? மறுபடி நாலு பேரு சிரிக்கவா...?"

"மொதல்ல சிரிச்சவன் நான்தானே... நானே கூப்புடறேன், வாம்மே."

படியேறினாள். அதே கடல்காற்று. புகைபோக்கிகளில் ஒன்று இப்போது இல்லை.

"அதோங்க..."

மஜீது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரிலயே..."

அவள் முகம் வாடியது. ஆனால் அவர் பக்கத்து மாடியைப் பார்த்துக் கத்தினார்: "மஹீனு! பிறை கீதுப்பா! எங்கூட்டுக்காரி பாத்துட்டா!"

பிறகு மகளிடம், மெதுவாக: "பெங்களூருக்கு எப்ப போவணும்?"

ரசூல் பீவி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணீரில் பிறை கலங்கி மறைந்தது. மறையட்டுமே... அவள்தான் பார்த்துவிட்டாளே!