உடையாத கண்ணாடி

தையல்காரம்மாவின் வீட்டுக் கதவு சாத்த மறுத்தது. தச்சர் இரண்டு முறை இழைத்துக் கொடுத்தும் மறுபடி நிலையில் இடித்தது. நடுச்சுவரில் மேலேறும் விரிசலைக் காட்டினால், வீட்டுக்காரர் அதன் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடியைக் காட்டுகிறாராம்.

விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்பது கட்டடக்காரர்கள் வழக்கம். சுவர் நகர்ந்தால் அது உடையும். பழைய இன்ஜினியர் ஒட்டிய துண்டு இன்றுவரை முழுசாகவே இருக்கிறதாம்.

"கதவு பொய் சொல்லுதா, கண்ணாடி பொய் சொல்லுதா? அதைச் சொல்லுங்க போதும்," என்று அக்கா தங்கை இருவரிடமும் வந்து கேட்டாள் தையல்காரம்மா. "மக ரெண்டு குழந்தையோட வந்திருக்கா. அவளை அங்க தங்க வைக்கலாமா?"

பெற்றோரை ஓர் இடிபாட்டில் பறிகொடுத்த பிறகு கட்டடங்களைச் சோதிப்பதையே தொழிலாக்கிக்கொண்ட அக்கா உடனே எழுந்தாள். தங்கை அதற்குள் கருவிப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

பல குடும்பங்கள் இருந்த அந்தக் கட்டடத்தில், போன வருஷம் கூரைக்கு அடித்த நீலப் பெயின்ட் சுவரெங்கும் துளித்துளியாகச் சிந்தியிருந்தது. கண்ணாடியில் ஒரு துளிகூட இல்லை. அதன் ஓரத்தில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு. படிக்குக் கீழே காவலாளியின் அறை; இறந்துபோன மனைவியின் படம் வெறும் சட்டத்தில் தொங்கியது. அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"இது வீட்டுக்காரர் வேலைதான் அக்கா," என்று தங்கை கிசுகிசுத்தாள். "முழிக்கிறதைப் பாரு, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி."

"முழியை வெச்சு சுவரை அளக்க முடியாதுடி. முதல்ல எல்லாரையும் வெளிய கூப்பிடு."

எதிர்ப்பக்கக் காலிமனையில் எல்லாரும் கூடினார்கள். அடுப்பில் வைத்தது வைத்தபடி இருக்கிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அக்கா நிதானமாகச் சொன்னாள். பெயின்ட் அடித்த பிறகு ஒட்டிய கண்ணாடி அது. அந்தப் பழுப்புக் கோடு, படச்சட்டம் பிடித்த தடம். யாரோ உடைந்ததை எடுத்துவிட்டு நல்லதை ஒட்டியிருக்கிறார்கள்.

எல்லார் கண்ணும் வீட்டுக்காரர் மேல் போயிற்று. அக்கா காவலாளியிடம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க வீட்டம்மா படத்துக் கண்ணாடி எங்க?"

"அதைத்தாம்மா வெட்டி ஒட்டினேன். கடைசியா உடைஞ்சப்போ கடை பூட்டியிருந்துச்சு." அவர் குரலில் பெருமை இருந்தது. "இன்ஜினியர் போறப்போ, 'கண்ணாடியைப் பாத்துக்கங்க'ன்னார். பாத்துக்கிட்டேன். உடைய உடைய மாத்தினேன்."

கவனித்துச் சொல்லும்படி கேட்டதை, காப்பாற்றும்படி கேட்டதாக எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் காலில் குத்தக் கூடாதென்று உடைந்ததையெல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து நீட்டும்போதுதான் அவருக்கு விளங்கியது.

"ஐயோ, இத்தனை பேரையும் சாகக் குடுக்கப் பாத்தேனே..."

"எங்க வீடு விழுந்தப்போ முன்கூட்டிச் சொல்ல ஒரு துண்டுகூட இல்லண்ணே," என்றாள் அக்கா. "உங்க வீடு இத்தனை தடவை சொல்லியிருக்கு. இப்பவாவது காதுல விழுந்துச்சே."

அன்று மாலைக்குள் தளத்துக்கு இரும்பு முட்டுகள் கொடுத்தாயிற்று. தையல்காரம்மாவின் மகளும் குழந்தைகளும் மற்றக் குடித்தனக்காரர்களும் பக்கத்துத் தெருவில் தங்கினார்கள். தரைத்தளத் தூணின் அடியைத் தோண்டியபோது, ஒழுகும் குழாய்த் தண்ணீரில் கம்பிகள் துருவேறி உதிர்ந்தன. வீட்டுக்காரர் தூணைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்.

எல்லாரும் திரும்பி வந்த அன்று தையல்காரம்மாவின் கதவு ஒரு விரல் தள்ளலில் சாத்திக்கொண்டது. பூசிய விரிசலின் மேல் அக்கா புதுத் துண்டு ஒட்டினாள். தங்கை இன்னொரு கண்ணாடியை அளவெடுத்து வெட்டி வந்திருந்தாள். அதைப் படச்சட்டத்தில் பொருத்திக் காவலாளியின் கையில் கொடுத்தாள்.

"சுவர்ல இருக்கிறதைச் சும்மா பாருங்கண்ணே, உடைஞ்சா தொடாம எங்களைக் கூப்பிடுங்க. இதை மட்டும் பாத்துக்கங்க."