மூன்றாவது கழுவல்

கொதிக்கக் கொதிக்க உள்ளே போன தண்ணீர் குளிர்ந்துபோய் வெளியே வந்தது. தர்சினி முதலில் கவனித்தது அதைத்தான். இரண்டு கிழமையாக மின்சாரமில்லாமல் பெப்ரவரிக் கோடை வெயிலில் கிடந்த குளிரூட்டிக் கொன்ரெய்னர் அது. அடித்துளையால் வழிந்த தண்ணீர் சப்பாத்தைத் தொட்டதும் கால் விறைத்தது. மேலே மஞ்சள் கொழுப்பு, ஆறிப்போன ஆட்டுக்கறிச் சட்டியில் போலத் திட்டுத் திட்டாக மிதந்தது.

ஸ்பிரிங்வேல் என்ற புறநகருக்கு அப்பால் இருக்கும் அந்தக் கொன்ரெய்னர் யார்ட்டுக்கு, வெளிநாட்டுப் படைத்தளம் ஒன்றிலிருந்து திரும்பும் சாமான்கள் வந்து சேரும். சண்டை பிடித்தவர்களுடையவை அல்ல, அவர்களுக்குச் சமைத்து, உடுப்புத் தோய்த்து, கக்கூஸ் கழுவிய பிரிவுகளுடையவை. ஒரு புல்விதையோ இறைச்சித் துணுக்கோ இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்பது சட்டம். தர்சினி கழுவுவாள், பரிசோதகர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இந்தக் கொன்ரெய்னரை அவர் ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பிவிட்டார்.

"இண்டைக்கும் பெயில் எண்டால் எங்கட கொன்ராக்ட் போகும், பிள்ளை," என்றார் மேற்பார்வையாளர் தேவராஜா. "உம்மட விசாக் கடிதமும் போகும். செக் பண்ணுற மனிசன் மூண்டு மணிக்கு வந்திடும்."

மார்ச்சில் விசா முடிகிறது. அதை நீட்டக் கொம்பனி தரும் அந்தக் கடிதம் கிடைக்காவிட்டால் பத்தாம் வகுப்பில் இருக்கும் மகள் டிலக்சியைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கூட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

"உள்ள என்ன அண்ணை இருந்தது?"

"கடதாசியில இறைச்சி எண்டு கிடக்கு. இறைச்சிதான்."

உள்ளே போனாள். முகமூடி ஒரு பேச்சுக்குத்தான். புளித்த பாலும் பழைய ஆட்டுக்கொழுப்பும் நனைந்த தலைமயிரும் கலந்து, கடைசியில் கொஞ்சம் இனிப்பாகவும் முடிந்த அந்த நாற்றம், மூக்கை விட்டுவிட்டு நேரே நாக்கில் வந்து குந்தியது. எச்சில் விழுங்கினால் அதையும் சேர்த்து விழுங்க வேண்டியிருந்தது, துப்பவும் வழியில்லை. சுவரெல்லாம் விரல் தடிப்பில் கொழுப்பு. நேற்று இதே சுவரை வெள்ளையாகும்வரை அவள்தான் தேய்த்தாள். சுவர் வியர்க்கிறதா என்ன? சீ, இதுவும் ஒரு பிழைப்பு.

கதவின் உட்பக்கத்தைக் கழுவத் திரும்பினாள். இப்படியான குளிரறைகளில், தவறுதலாக அகப்பட்டவர் திறந்து வெளியே வர உள்ளேயும் ஒரு கைபிடி இருக்கும். இதில் இல்லை; நேற்று அவள் அதைக் கவனிக்கவில்லை. கைபிடி இருந்த ஓட்டையில் துணி அடைத்திருந்தது. இழுத்தாள். சமையல்காரர் கட்டும் ஏப்ரனின் கிழிசல், கொழுப்பில் ஊறி நாக்கைப் போல நீண்டு வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு கறுப்பு மயிர்க் கற்றை ஒன்று.

கதவில் திரும்பவும் படிந்த கொழுப்பில், நேற்று இல்லாத கோடுகள் இருந்தன. விரலால் இழுத்த கோடுகள். ரோச் லைற்றை அடித்தாள்.

கதவைத் திறவுங்கோ.

தமிழ். அவள் பேசும் அதே தமிழ். அந்தத் தளத்துக் குசினியிலும் கொன்ராக்டில் போன எங்கட ஆட்கள் இருந்திருப்பார்கள். விசாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, அவளைப் போல. பூட்டிய கதவுக்கு உள்ளே நின்றும் இதை எழுதியவன் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறான்.

"அண்ணை! ஒருக்கா வாங்கோ."

தேவராஜா வந்தார். வாசித்தார். உதடு அசைந்ததைத் தர்சினி கண்டாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இதை வெளியில விட்டால் பொலிஸ், விசாரணை, எல்லாம் இழுபடும். மார்ச்சுக்குள்ள ஒண்டும் நடக்காது," என்றார். "நான் ஒண்டும் காணேல்ல. நீரும் காணேல்ல."

"ஒரு மனிசன் அண்ணை..."

"செக் பண்ண வாறவருக்கு இது எழுத்தெண்டே தெரியாது. எங்களுக்குத்தான் தெரியும். கழுவும்."

அவர் போய்விட்டார். தர்சினி குழாயைத் தூக்கினாள். டிலக்சியை நினைத்தாள். வேறு எதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

கடைசி எழுத்து முதலில் போனது. கோ. தெறித்த கொழுப்பு உதட்டில் விழுந்தது. ங். வு. அங்கே தண்ணீர் அடிக்கும் சத்தம் மட்டும்தான். இல்லை. சத்தத்துக்குள் இன்னொன்று. மூச்சு. அவளுடையதா? குழாயை நிறுத்தினாள். இல்லை. திரும்பவும் திறந்தாள். ற. தி. துடை. தேய். துடை. கொழுப்பை அருவருத்தது போய், தன்னையே அருவருத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

மூன்று மணிக்குப் பரிசோதகர் வந்தார். சுவரை வெள்ளைத் துணியால் துடைத்தார். கதவைத் துடைத்தார். துணியை வெயிலில் விரித்துப் பார்த்தார். பால் வெள்ளை.

"பியூட்டிஃபுல்," என்று கையெழுத்துப் போட்டார். தர்சினியைப் பார்த்துச் சிரித்து, கைகுலுக்கக் கையை நீட்டினார்.

அவள் வலக் கையுறையைக் கழற்ற இழுத்தாள். வரவில்லை.

வெளியே முப்பத்தெட்டு டிகிரி. கையுறைக்குள் ஐஸ்.

திரும்பவும் இழுத்தாள். உள்ளே ஏதோ வழுக்கியது. கொழகொழவென்று, குளிராக, அவளுடைய சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் ஒரு விரல் நுழைந்தது. பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. நுனிகளில் தோல் இல்லை. அவசரமும் இல்லை.

பரிசோதகரின் கை இன்னும் நீட்டியபடி இருந்தது.

"கையைக் குடும், பிள்ளை," என்றார் தேவராஜா சிரித்துக்கொண்டு.

ஐந்து விரல்களும் கோத்து முடிந்தன. பிடி மெல்ல இறுகியது.