பூநாரைக் கொடி

உப்பளத்தில் தினமும் வேலை தொடங்கும் முன் கொடியை ஏற்றியாக வேண்டும். ஏற்றினால்தான் குழாயில் குடிநீர் வரும். வேதவல்லி கயிற்றை இழுத்தாள். இளஞ்சிவப்புப் பூநாரை வரைந்த வெள்ளைத் துணி மேலே போனது.

வானக்கண் என்கிற டிரோன் முதலில் கொடியைப் படிக்கும். பிறகு கொடியில் இருப்பது மண்ணிலும் இருக்கிறதா என்று தேடும். உயிருள்ளது என்றால் நிறத்தோடு உடற்சூட்டையும் பார்க்கும். தேடியது கிடைக்கவில்லையென்றால் அந்த மாநிலமே இல்லை. மாநிலம் இல்லாதவர்களுக்குத் தண்ணீரும் இல்லை.

நாடு துண்டுதுண்டாகி ஆளுக்கொரு கொடி வரைந்தபோது, உப்புக் குவியலைப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். கால் வெடித்துச் சாகிற பிழைப்பைக் கொடியிலுமா மாட்டுவது என்று ஊர் வெட்கப்பட்டது. அழகாகப் பறவை வேண்டும் என்று கை தூக்கியவர்களில் வேதவல்லியும் ஒருத்தி. பக்கத்து மாநிலத்தார் பாறாங்கல்லைப் போட்டார்கள். கல் சாகாது.

கொடி உச்சியைத் தொட்டபோது, பூநாரைக் கூண்டைப் பார்க்கப் போன அளத்து மேஸ்திரி கலியமூர்த்தி திரும்பி வந்தார். கையில் கடைசிப் பூநாரை, கழுத்து தொங்கிக் கிடந்தது.

"தோலை உரிச்சு யாராச்சும் போத்திக்கிட்டு நிக்கலாம்ல அண்ணே?"

"பறவைக்குச் சூடு ஜாஸ்தி தங்கச்சி. நம்ம ஒடம்பக் காட்டுனா மனுசன்னு கண்டுபிடிச்சிரும்." அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார். "ஒம் புள்ளைக்கு இன்னும் காச்சல் கொதிக்குதா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மாத்திரை கரைச்சு வச்சிருக்கேன்."

"வானக்கண்ணு போனப்புறம் குடு. புள்ளையும் தண்ணி கேட்டுத்தானே அழுவுது."

அவள் மகள் நாலு வயது நிலானியை, உரித்த இறகுத் தோலைப் போர்த்தி உப்புப் பாத்தியில் உட்கார வைத்தார்கள். "குளுருதும்மா" என்றாள். மேஸ்திரி வாயில் விரல் வைத்துக் காட்டினார். வானக்கண் தாழ்ந்து இறங்கி, அவள் தலைக்கு மேல் வட்டமடித்தது. பிறகு பச்சை விளக்கைக் காட்டிவிட்டுக் கிளம்பியது. குழாய் இருமி இருமித் தண்ணீரைக் கக்கியது. குடங்கள் முட்டிக்கொண்டன.

வேதவல்லி பிள்ளையை வாரியெடுத்து, மருந்துக் கிண்ணத்தை அதன் வாயருகே கொண்டுபோனாள். குழாயடியில் சத்தம் அடங்கியது. எல்லோரும் கிண்ணத்தையே பார்த்தார்கள்.

கலியமூர்த்தி கிட்டே வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாதி குடு தங்கச்சி. நாளைக்கும் வானக்கண்ணு வரும்ல."