மேசையில் வாசித்த பாட்டு

ஸ்ம்ருதி தன் அண்ணன் அனிருத்துக்கு முந்நூற்று நாற்பது ரூபாய் கடன் பட்டிருந்தாள். எல்லாம் ஒரு பியானோ புத்தகத்துக்காக.

கற்றுக்கொள்ள ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கடையில் ‘இடியும் மழையும்’ என்ற பெரிய பாட்டின் புத்தகத்தைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கிப் பார்க்காமலே தலையில் ஏற்றிக்கொண்டாள்.

அனிருத் ஒரு நிபந்தனை போட்டான்.

“பொங்கல் விழா மேடையில நடுவுல நிக்காம வாசி. கடனைக் கேக்க மாட்டேன். நின்னா, உன் பொங்கல் காசு எனக்கு. அச்சா, சரியா?”

அவளும் தலையாட்டிவிட்டாள்.

அந்தப் பாட்டில் இடது கை ரொம்பக் கீழ் சுரங்கள்வரை போகும். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அவள் வீட்டில் இருந்ததோ சின்ன கீபோர்டு. அவ்வளவு தூரத்துக்கு அதில் கட்டையே கிடையாது. அந்த இடம் வரும்போதெல்லாம் மேசையைத் தட்டிப் பழகினாள். மேசையில் தப்பு விழுந்தால் யாருக்குத் தெரியும்? நன்றாக வாசிப்பதாகவே நினைத்துக்கொண்டாள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை. விழா நடக்கும் தமிழ் மன்றத்தில் நிஜமான பியானோ. மேசை இருக்கவேண்டிய இடத்தில் அங்கே கட்டைகள் இருந்தன. கை இறங்கியதும் தடாலென்று ஒரு சத்தம். நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி தடால்.

“உள்ள பீரோ விழுந்துடுச்சா?” என்றான் நடனத்துக்குக் காத்திருந்த ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

பியானோ சொல்லித்தரும் அக்கா, ஜ்யோத்ஸ்னா தீதி, சிரிக்கவில்லை. எந்தப் பாட்டு என்று காலைக்குள் சொல்லிவிடு, நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகிறது என்றாள்.

வீட்டுக்கு வந்த ஸ்ம்ருதி கீபோர்டு முன் உட்கார்ந்தாள். முதலில், என்றோ கற்ற குட்டிப் பாட்டை வாசித்தாள். கை தானாக ஓடியது; கண் டிவி பார்த்தது. இதை வாசித்தால் நிற்கவே மாட்டாள். கடனும் போய்விடும். ஆனால் அதை எடுத்துக்கொண்டு மேடை ஏற அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பியானோ பாடப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பாட்டில் வரிக்கு வரி கை திணறியது. மூடினாள். ‘படகு போகுது’ என்ற பாட்டில் இரண்டே இடத்தில்தான் திணறியது. அந்த இரண்டையும் திரும்பத் திரும்ப வாசித்தாள். படுக்கப் போவதற்குள் ஒன்று வசப்பட்டது. மற்றது பாதி வந்தது.

இதுதான் என்று முடிவு செய்து, அண்ணனிடம் போனாள்.

“அண்ணா, பெரிய பாட்டு வேண்டாம். என் கைக்கு இப்ப அது ஆகாது. புத்தகக் காசைப் பொங்கல் காசுலேந்து தந்துடறேன்.”



விழா நாளில் குளிர் விரலைக் கடித்தது. மேடையில் அவள் கை, திணறிய முதல் இடத்தைத் தாண்டியது. இரண்டாவது இடம் வந்தேவிட்டது. ஒரு விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. நின்றுவிடலாம் போலிருந்தது. கையை விடாமல் ஓட்டினாள். படகு கரை சேர்ந்தது.

கீழே இறங்கியதும் பணத்தை அண்ணன் கையில் வைத்தாள்.

“நின்னியா?” என்று கேட்டான்.

“ஒரு எடத்துல தப்பு விழுந்துது.”

“தப்பை யார் கேட்டா? நின்னியா?”

“இல்ல.”

பணத்தை அவள் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடினான்.

“கடன் தீந்துது. பெரிய பாட்டைப் பத்திரமா வெச்சுக்கோ. ஆனா இனிமே அதை மேசையில வாசிக்காதே.”